கடல் கடந்த முதுசம்

மனிதனுக்கு மரணம் ஒரு முறையே வருகின்றது. ஆயினும் அவன் இரண்டு நாடுகளிலே உடைமை வைத்துவிட்டு மாண்டானாயின், அந்த ஒரு மரணத்தை இரண்டு நாடுகளிலும் மெய்ப்பிக்க வேண்டியதாகின்றது. ஓரிடத்து நீதிமன்றம் வழங்கிய கட்டளையை மற்றோரிடத்துக் காணிக் கந்தோர் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. இங்கே அழுதவர்கள் அங்கே விண்ணப்பம் எழுத வேண்டும். அங்கே தகனம் செய்தவர்கள் இங்கே சாட்சி சொல்ல வேண்டும். துயரத்தின் பின்னாலேயே வந்து சேரும் இந்த வேலையைப் பற்றிப் பெரும்பாலான குடும்பங்கள் முன்கூட்டிச் சிந்திப்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய செய்தி அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொட்டு, மலாயாவிலே புகையிரதப் பாதைகள் விரிவடைந்த காலத்தில், ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் அங்கே சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன. சகோதரிமாருக்குச் சீதனம் சேர்ந்தது. உழைத்து ஓய்ந்து திரும்பியவர்களை ஊர் ‘மலாயாப் பென்சனியர்’ என்று அழைத்தது. திரும்பாதவர்களும் இருந்தனர். அவர்களின் வாழ்க்கை ஒரு கரையிலும், அவர்களின் முதுசம் மறு கரையிலுமாகக் கிடந்தன. இன்று இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் ஆகிய நகரங்களில் வாழும் குடும்பங்களுக்கும் இதே நிலைமைதான்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். பெயர் வேண்டா, இத்தகைய குடும்பங்கள் பல. தென்மராட்சியிலே பிறந்த ஒருவர், 1950களில் இளைஞராய் மலாயாவுக்குச் சென்றார். புகையிரதப் பகுதியிலே வேலை பார்த்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கிள்ளான் நகரிலே ஒரு சிறு வீடு வாங்கினார். எண்பது வயதைக் கடந்தபின் அவ்வீட்டிலேயே உயிர் நீத்தார். அந்த வீடும் ஒரு வங்கி வைப்பும் மலேசியாவிலே இருந்தன. ஊரிலே, பெற்றோர் வழிவந்த வீட்டில் பிரிக்கப்படாத பாதிப் பங்கும், ஆறு பரப்புப் பனங்காணியும் இருந்தன. உரித்தாளர்களாக ஒரு சகோதரியும், முன்னரே இறந்துவிட்ட ஒரு சகோதரரின் இரண்டு பிள்ளைகளும் எஞ்சினர். அப்பிள்ளைகளில் மகன் வவுனியாவில்; மகள் மெல்பேணில். இறந்தவர் மரண சாதனம் எதுவும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

செய்தியை இரவிலே தொலைபேசியில் அறிவித்தவர், அவரோடு நாற்பது ஆண்டுகள் கோயிலுக்குப் போய்வந்த நண்பர். பேசியது சகோதரியின் மகன், பாடசாலை ஆசிரியர்.

“தம்பி, உம்முடைய அம்மானின் வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது. வங்கி அட்டையும் மேசையில் கிடக்கிறது. இரகசிய எண்ணையும் ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறார். சவச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கட்டா?”

“வேண்டாம், ஐயா. ஒன்றையும் எடுக்க வேண்டாம். நாங்கள் எப்படியும் காசு அனுப்புவோம். வீட்டைப் பூட்டி வையுங்கோ.”

ஆசிரியர் சட்டம் படித்தவர் அல்லர்; ஆயினும் அவர் கொடுத்த மறுமொழி சரியானது. ஒருவர் இறந்த கணத்திலிருந்து அவருடைய உடைமை, அதிகாரம் பெற்ற ஒருவர் பொறுப்பேற்கும் வரை, எவரும் தன்னிச்சையாகக் கைவைக்கத் தகாத பொருளாகின்றது. நல்லெண்ணத்தோடு எடுத்தாலும், எடுத்தவர் அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்படுகின்றார். இறந்தவரின் கடன்காரர்கள் அவரையே பிடிக்கவும் கூடும். நண்பர் அவ்வாறே நடந்துகொண்டார். இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள பொருள்களைப் பட்டியல் எழுதினார், படம் பிடித்தார், பூட்டினார். தகனச் செலவைத் தம் கையிலிருந்து கொடுத்து, பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தினார். நியாயமான ஈமச் செலவு, இறந்தவரின் ஆதனத்திலிருந்து முன்னுரிமையோடு கழிக்கப்படுவது. அதனாலே நண்பருக்கு நட்டம் இல்லை. உரித்தாளருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்ததாக எழுந்த கேள்வி, எந்த நாட்டுச் சட்டப்படி பங்கு பிரிப்பது என்பது. இதற்குப் பல நாடுகளும் ஏற்றுக்கொண்ட விதி ஒன்று உண்டு. நிலமும் வீடும் ஆகிய அசையா ஆதனம், அது கிடக்கும் நாட்டின் சட்டத்துக்கு அமையும். பணம், நகை, பங்குப் பத்திரம் முதலிய அசையும் ஆதனம், எங்கே கிடந்தாலும், இறந்தவர் எந்த நாட்டை நிலையான வதிவிடமாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டின் சட்டத்துக்கு அமையும். இந்த நிலையான வதிவிடத்தையே சட்டத்தரணிமார் ‘டொமிசைல்’ என்பர். மலேசியாவின் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டமும் இவ்விதியையே வெளிப்படையாகக் கூறுகின்றது.

ஆகவே கிள்ளான் வீட்டுக்கு மலேசியச் சட்டம். தென்மராட்சிக் காணிக்கு இலங்கைச் சட்டம். வங்கியிலே கிடந்த பணத்துக்கு? அதற்கு விடை காணுமுன், அவருடைய நிலையான வதிவிடம் எது என்று துணிய வேண்டியிருந்தது.

இந்த இடத்திலேதான் சகோதரியின் மனம் புண்பட்டது. அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும், அடுத்த ஆண்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்ற வாக்கு இருந்தது. பெற்றோர் வழிவந்த வீட்டிலே ஓர் அறை அவருக்கென்றே பூட்டிக் கிடந்தது. அவர் ஊரவர் அல்லர் என்று ஒரு கந்தோரிலே யாரோ எழுதிவிடுவதை அவரால் சகிக்க முடியவில்லை.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? பிறப்பினால் வந்த வதிவிடம் எளிதில் நீங்குவதன்று. அது மாறிவிட்டது என்று சொல்பவரே அதனை நிரூபிக்க வேண்டும். ஒரு நாட்டிலே நெடுங்காலம் இருந்தமை மட்டும் போதாது. அங்கேயே காலவரையின்றி வாழும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணத்தைச் சட்டம் சொற்களிலே மாத்திரம் தேடுவதில்லை, செய்கைகளிலே தேடுகின்றது. அவர் மலேசியக் குடியுரிமை பெற்றிருந்தார். வீடு வாங்கியிருந்தார். ஓய்வு பெற்ற பின்னரும் அங்கேயே தங்கினார். இருபத்தைந்து ஆண்டுகளில் இரண்டு முறை மாத்திரமே ஊருக்கு வந்து போனார். செய்கைகள் அனைத்தும் ஒரு திசையையே காட்டின.

“அப்படியென்றால் அண்ணை எங்கட ஊரவர் இல்லையோ?” என்று சகோதரி கேட்டார்.

“அம்மா, அவர் எந்த ஊரவர் என்று சட்டம் கேட்கவில்லை. எந்த ஊரிலே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார் என்று மாத்திரமே கேட்கிறது” என்றார் சட்டத்தரணி.

இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரையில், எந்தச் சட்டம் என்ற வினா பங்கின் அளவைப் பெரிதும் மாற்றவில்லை. மனைவியும் மக்களும் பெற்றோரும் இல்லாத ஒருவரின் ஆதனம், மலேசியச் சட்டப்படி உடன்பிறந்தோரைச் சேர்கின்றது; முன்னரே இறந்த உடன்பிறப்பின் பங்கு அவருடைய பிள்ளைகளைச் சேர்கின்றது. ஆகவே சகோதரிக்கு அரைவாசி. சகோதரரின் பிள்ளைகள் இருவருக்கும் காற்பங்கு வீதம். ஆனால் மனைவி மக்களை விட்டுச் சென்றவரின் குடும்பத்திலே வேறுபாடு பெரிதாகலாம். 1997இல் திருத்தப்பட்ட மலேசியச் சட்டப்படி, மனைவியும் மக்களும் பெற்றோரும் எஞ்சியிருப்பின், மனைவிக்குக் காற்பங்கு, மக்களுக்கு அரைப்பங்கு, பெற்றோருக்குக் காற்பங்கு. இலங்கையிலோ தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் முதுசம், உரிமை, சீதனம், தேடியதேட்டம் என வகை பிரித்துப் பேசுகின்றன. தேசவழமைக்கு உட்படாத ஏனைய பலருக்கு 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் உண்டு. பிறநாட்டிலே நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரின் காணிக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்கது. ஊரிலுள்ளவர்கள் தமக்குத் தெரிந்த வழமையை வைத்துக்கொண்டு முன்கூட்டியே பங்கு பேசிவிடுவது ஆபத்தானது.

இனி, அதிகாரம் பெறும் முறை. மரண சாதனம் இருந்தால், அதனை நிறைவேற்றுபவருக்கு நீதிமன்றம் வழங்கும் அத்தாட்சியே புரோபேற்று. மரண சாதனம் இல்லையெனில், நெருங்கிய உரித்தாளர் ஒருவர் நிர்வாக அதிகாரப் பத்திரம் பெற வேண்டும். இலங்கையில் இது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. மலேசியாவிலே பொதுவாக உயர் நீதிமன்றத்தின் வேலை. எனினும் நிலத்தை உள்ளடக்கிய சிறு ஆதனங்களுக்கு 1955ஆம் ஆண்டின் தனிச்சட்டப்படி நில நிர்வாக அதிகாரியே விசாரணை நடத்திப் பங்கிட்டுக் கொடுக்கின்றார். இந்தச் ‘சிறு ஆதன’ எல்லை 2009இல் இருபது இலட்சம் ரிங்கிற்றாக உயர்த்தப்பட்டு, பின்னர் மேலும் உயர்த்தப்பட்டுள்ளது. ஆகையால் ஒரு சாதாரண உத்தியோகத்தரின் வீடும் வைப்பும் இதற்குள் அடங்கிவிடுகின்றன.

பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த நாடுகளுக்கிடையே இன்னொரு வசதியும் உண்டு. ஒரு நாட்டு நீதிமன்றம் ஏற்கெனவே புரோபேற்றோ நிர்வாகப் பத்திரமோ வழங்கியிருந்தால், மற்ற நாட்டிலே முழு வழக்கையும் புதிதாகத் தொடங்காமல், அந்தப் பத்திரத்தின் மீது அந்நாட்டு நீதிமன்றத்தின் முத்திரையை மறுபடியும் பதிப்பித்துக்கொள்ளலாம். இதற்கு வழி வகுத்த பிரித்தானியச் சட்டம் 1892ஆம் ஆண்டினது. இலங்கையிலே 1937ஆம் ஆண்டில், பிரித்தானிய நீதிமன்றங்களின் புரோபேற்றுகளுக்கு மறுமுத்திரையிடும் கட்டளைச் சட்டம் பிறந்தது. மலேசியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுநலவாய நாட்டு நீதிமன்றங்களின் பத்திரங்களுக்கு இவ்வாறு மறுமுத்திரை இடமளிக்கின்றது. மறுமுத்திரை பெற்ற பத்திரத்துக்கு அந்த நாட்டிலேயே வழங்கப்பட்ட பத்திரத்தின் வலிமை உண்டு. இது செலவையும் காலத்தையும் குறைக்கும்.

மாநிலங்கள் பல கொண்ட நாடுகளில் இத்தொல்லை ஒரே நாட்டுக்குள்ளேயே எழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி மரபுரிமைச் சட்டமும் நீதிமன்றங்களும் உண்டு. நியூயோர்க்கில் வாழ்ந்து இறந்தவருக்குப் புளோரிடாவிலே வீடு இருந்தால், பெரும்பாலும் முதல் வழக்கு நியூயோர்க்கிலும் துணை வழக்கு ஒன்று புளோரிடாவிலும் நடைபெற வேண்டும். மாநிலங்களுக்கிடையே ஒருமைப்பாடு காண 1969இல் ஒரு பொதுச் சட்டத் தொகுதி வரையப்பட்டது. பாதிக்குக் குறைவான மாநிலங்களே அதனை முழுமையாக ஏற்றன. சிறிய அசையும் ஆதனங்களுக்குப் பல மாநிலங்கள் சத்தியக் கடதாசி ஒன்றோடு விடுவிக்கும் எளிய முறையை வைத்துள்ளன. அவுஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்தின் பத்திரத்துக்கு இன்னொரு மாநிலத்தின் உயர் நீதிமன்றம் மறுமுத்திரை இடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆகவே வெளிநாட்டு உறவினரின் ஆதனத்தைக் கையாள்பவர், ‘எந்த நாடு’ என்பதோடு நின்றுவிடாமல் ‘எந்த மாநிலம்’ என்றும் கேட்க வேண்டும்.

ஆசிரியரின் குடும்பத்துக்குத் திரும்பலாம். சகோதரியால் கடல் கடக்க இயலாது. அவர் நொத்தாரிசு முன்னிலையில் அற்றோணித் தத்துவம் எழுதிக் கையொப்பமிட்டார். அது கொழும்பிலே வெளிவிவகாரக் கந்தோரின் அத்தாட்சி பெற்று, கோலாலம்பூருக்குப் போயிற்று. அங்கே நண்பர் அவர் சார்பிலே விண்ணப்பித்தார். அங்கிருந்து வந்த மரண அத்தாட்சிப் பத்திரமோ மலாய் மொழியில் இருந்தது. அதனைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்த்து, யாழ்ப்பாணத்து நீதிமன்றத்திலே சேர்க்க வேண்டியிருந்தது.

பெயர்தான் எல்லாவற்றிலும் பெரிய தடையாயிற்று. பிறப்பு அத்தாட்சியிலே தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக இருந்தது. மலேசிய அடையாள அட்டையிலே தன் பெயர் முன்னும், ‘மகன்’ எனப் பொருள்படும் ‘அனக் லெலாக்கி’ என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கத்தின் பின் தகப்பன் பெயருமாக இருந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் வங்கியில் ஒன்று, காணி உறுதியில் ஒன்று. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்த பின்னரே வழி திறந்தது. காணி உறுதிகளோ 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே தொலைந்திருந்தன. காணிப் பதிவகத்திலிருந்து உறுதிப்படுத்திய பிரதிகளைப் பெற எட்டு மாதம் சென்றது.

இதற்கிடையில் மெல்பேணிலிருந்து ஒரு நாள் தொலைபேசி அழைப்பு வந்தது.

“மச்சான், எல்லாப் பத்திரத்திலும் மாமியின் பெயர்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அப்பா உயிரோடு இருந்தால் இப்படி நடக்குமோ?”

ஆசிரியருக்குக் கோபம் வந்திருக்கலாம். ஓராண்டாகப் பாடசாலை விடுமுறைகளையெல்லாம் கந்தோர் வாசல்களிலே கழித்தவர் அவர். ஆயினும் அந்தச் சந்தேகத்திலே நியாயம் இருந்தது என்பதை அவர் உணர்ந்தார். நிர்வாகியின் பெயரிலே பத்திரம் எழுதப்படுவது அவர் உடைமையாளர் என்பதனால் அன்று. எல்லோருக்காகவும் பொறுப்பு வகிப்பவர் என்பதனாலேயாம். இதனை எவரும் அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. அன்று தொட்டு, ஒவ்வொரு மாதமும் வரவு செலவுக் கணக்கு ஒன்றையும் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் மூன்று பங்குகாரருக்கும் ஆசிரியர் அனுப்பலானார். ஏழு ரூபா முத்திரைச் செலவும் அதிலே இருந்தது. நான்காவது கணக்குக் கிடைத்த பின், மெல்பேணிலிருந்து சம்மதப் பத்திரம் கையொப்பத்தோடு வந்து சேர்ந்தது. கிள்ளானிலே விசாரணை நாளில், நேரில் வராத பங்குகாரரின் அந்த எழுத்து மூலமான சம்மதம் இல்லாதிருந்தால், காரியம் மேலும் ஓராண்டு தள்ளிப்போயிருக்கும்.

கடன்களும் செலவுகளும் கழிந்த பின்னரே பங்கு பிரிக்கப்படும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மலேசியாவிலே மரண ஆதன வரி 1991இல் நீக்கப்பட்டது. ஆயினும் இறந்தவர் செலுத்த வேண்டியிருந்த வருமான வரியும், வீட்டின் நில வரியும், மருத்துவமனைக் கடனும் நீங்குவதில்லை. அவற்றைத் தீர்க்குமுன் பங்கு கொடுத்துவிட்ட நிர்வாகி, தம் கையிலிருந்தே கொடுக்க நேரிடலாம்.

முழுக் காரியமும் நிறைவேற இரண்டரை ஆண்டுகள் சென்றன. கிள்ளான் வீடு விற்கப்பட்டது. பணம் மூன்றாகப் பிரிந்தது. ஊரிலுள்ள பாதிப் பங்கு உரித்தாளர் பெயருக்கு மாறியது. இதில் எவரும் ஏமாற்றவில்லை. எவரும் அலட்சியமாக இருக்கவுமில்லை. இருந்தும் இத்தனை காலம் சென்றதற்குக் காரணம், இறந்தவர் ஒரு தாளிலே நான்கு வரி எழுதி வைக்காமைதான்.

ஆகவே இரண்டு நாடுகளிலே உடைமை உள்ளவர்கள் உயிரோடிருக்கும்போது செய்யத்தக்கவை சில உள. முதலாவது, மரண சாதனம். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இங்கிலாந்திலும் மலேசியாவிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலே கையொப்பமிட்ட சாதனம் போதும். இலங்கையிலோ, 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் வேண்டும். எனவே இலங்கைக் காணிக்கு இலங்கை முறைப்படி தனிச் சாதனம் எழுதுவது பாதுகாப்பானது. அவ்வாறு இரண்டு சாதனம் எழுதுவோர், ‘முன்னெழுதிய சாதனங்கள் யாவும் இரத்து’ என்ற வழக்கமான வசனத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது சாதனத்திலே அந்த வசனம் கவனமின்றி நுழைந்துவிட்டால், அது முதலாவது சாதனத்தையும் அழித்துவிடும். எந்த நாட்டு ஆதனத்தைப் பற்றியது என்று ஒவ்வொன்றிலும் தெளிவாக எழுதுவதே வழி.

இரண்டாவது, சேமலாப நிதி முதலியவற்றுக்குப் பெயர் நியமித்தல். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியாவின் ஊழியர் சேமலாப நிதியிலே, முஸ்லிம் அல்லாத அங்கத்தவர் நியமித்த ஒருவர், நீதிமன்றத்துக்குச் செல்லாமலே அப்பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். நியமித்தவரே முந்தி இறந்துவிட்டால், புதியவரை நியமிக்க மறத்தலாகாது.

மூன்றாவது, பெயர். பிறப்பு அத்தாட்சி, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், காணி உறுதி ஆகிய நான்கிலும் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று ஒரு நாள் ஒப்புநோக்கி, வேறுபாடு இருப்பின் தாமே ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைக்கலாம். தம்மை யாரென்று தாமே சொல்வதைப் போல, இறந்தபின் வேறொருவர் சொல்வது எளிதன்று.

நான்காவது, உடைமைப் பட்டியல். எந்த வங்கி, எந்தக் காணி, எவரிடம் கடன், எந்தப் பெட்டியிலே உறுதி என்று எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வைத்தால் போதும். தொகையை எவருக்கும் வெளியிட வேண்டியதில்லை.

மரணத்தைப் பற்றி வீட்டிலே பேசுவது அமங்கலம் என்று நினைப்போர் பலர். தென்மராட்சியின் அந்தச் சகோதரியும் அவ்வாறே நினைத்திருந்தவர்தான். ஊர்ப் பங்கு பெயர் மாறிய நாளின் மறு வாரம், அவர் மகனை அழைத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனார். தம் அண்ணனுடைய அறையின் திறப்பையும் கைப்பையிலே கொண்டு போயிருந்தார். தம் மரண சாதனத்தை எழுதிக் கையொப்பமிட்டார். திரும்பி வந்து, அந்த அறையைத் திறந்து, கூட்டித் துடைத்து, மெல்பேணிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்த மருமகளுக்காகக் கட்டில் போடச் சொன்னார்.